நெல்லின் விலையும் திறந்த கணக்கும்
(திறந்த மூல மென்பொருள் பற்றிய ஓர் ஆய்வு)

தை பிறந்து மாசி வருங்கால் எமது வன்னிப் பெருநிலம் பொன்னிறம் பூண்டு விளங்கும். இரணைமடுக் குளத்தின் கீழும், வவுனிக்குளம், முத்தையன்கட்டு, அக்கராயன், பாவற்குளம் முதலாய குளங்களின் கீழும், மழையை மாத்திரம் நம்பிய மானாவாரி வயல்களிலும் காலபோக நெல் முற்றித் தலைசாய்ந்து நிற்கும். வெட்டு இயந்திரங்கள் இரவு பகலாக ஓடும். தெருவோரங்களிலே படங்கு விரித்து நெல்லைக் காயவிடுவர். இக்காட்சி எம் கல்லூரியின் பழைய மாணவர் எவருக்கும் புதியதன்று. எம்முள் பலர் அந்த நெல் விற்ற பணத்திலேதான் புத்தகமும் சீருடையும் பெற்றுப் பள்ளி வந்தவர்கள்.

அக்காட்சியின் முடிவில் நிகழ்வதனையும் நாம் சிறு வயதிலேயே கண்டிருக்கின்றோம். பாரவூர்தியில் வந்து இறங்கும் வியாபாரி ஒரு பிடி நெல்லை அள்ளி உள்ளங்கையில் இட்டுத் தேய்ப்பார். ஒரு மணியைப் பல்லிடையே வைத்துக் கடிப்பார். பின்னர் ஒரு விலையைச் சொல்லுவார். ஈரத்துக்கென்று இவ்வளவு கழிவு, சாக்குக்கென்று இவ்வளவு கழிவு என்பார். அந்த விலை எங்ஙனம் பிறந்தது, அந்தக் கழிவு எக்கணக்கின்படி வந்தது என்று எம் தந்தையர் கேட்டதில்லை. கேட்டாலும் விடை கிடைத்ததில்லை. விலையைச் சொல்பவரிடத்தே கணக்கு இருந்தது. நெல்லை விளைவித்தவரிடத்தே கடன் இருந்தது.

இக்கட்டுரையில் நாம் ஆராயப் புகுவது அந்தக் கணக்கைப் பற்றியேயாம். பண்ட வணிகத்திலும் இடர் முகாமையிலும் இன்று உலகெங்கும் கணினி மென்பொருளே கணக்கப்பிள்ளையாக அமர்ந்திருக்கின்றது. அம்மென்பொருள்களுள் ஒரு பகுதி எவரும் பார்க்கவும் பயன்படுத்தவும் திருத்தவும் உரிமை தரும் திறந்த மூல மென்பொருளாக உள்ளது. அது வன்னிக் கமக்காரருக்கு யாது பயன் தரவல்லது? எங்கே அதன் எல்லை முடிகின்றது? இவ்விரு வினாக்களுமே எமது பொருள்.

1. இடர் என்பது யாது?

கமத்தொழில் செய்வோன் இருவகை இடர்களுக்கு நடுவே நிற்கின்றான். ஒன்று விளைச்சல் இடர். மற்றையது விலை இடர்.

விளைச்சல் இடரை எமது மக்கள் நன்கறிவர். 2018ஆம் ஆண்டு மார்கழியில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களை வெள்ளம் மூடியதையும், 2020ஆம் ஆண்டு மார்கழித் தொடக்கத்தில் ‘புரெவி’ப் புயல் முல்லைத்தீவுக்கும் திருகோணமலைக்கும் இடைப்பட்ட கரையைக் கடந்ததையும் எவரும் மறந்திலர். 2021ஆம் ஆண்டில் இரசாயன உர இறக்குமதி தடை செய்யப்பட்டபோது, வானம் பொய்க்காமலே விளைச்சல் குன்றக்கூடும் என்பதையும் கண்டோம்.

விலை இடர் இத்துணை வெளிப்படையாகத் தெரிவதில்லை. அம்பாறையும் பொலன்னறுவையும் அனுராதபுரமும் வன்னியும் ஏறக்குறைய ஒரே பருவத்தில் அறுவடை செய்கின்றன. எல்லார் நெல்லும் ஒருங்கே சந்தைக்கு வர விலை சரிகின்றது. கடன் தவணையும், வெட்டு இயந்திரக் கூலியும், களஞ்சிய வசதியின்மையும் கமக்காரனை உடனே விற்குமாறு நெருக்குகின்றன. சில மாதங்கள் கழிந்து விலை ஏறும்போது நெல் அவனிடத்தில் இல்லை.

அரசு இதனை அறியாததன்று. 1971ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தினால் நெல் சந்தைப்படுத்தும் சபை அமைக்கப்பெற்றது. 2025ஆம் ஆண்டு பெப்புருவரி மாதத்தில் கிலோ ஒன்றுக்கு நாட்டு நெல்லுக்கு 120 ரூபாவும், சம்பாவுக்கு 125 ரூபாவும், கீரிச் சம்பாவுக்கு 132 ரூபாவும் உத்தரவாத விலையாக அறிவிக்கப்பட்டன. ஆயினும், அவ்வறிவிப்பு வெளிவந்தபோது பல இடங்களில் அறுவடை தொடங்கிவிட்டது. மேலும், உத்தரவாத விலைக்கு நெல்லின் ஈரப்பதன் நூற்றுக்கு 14 என்னும் அளவைத் தாண்டலாகாது. வெட்டு இயந்திரத்திலிருந்து நேரே இறங்கும் நெல் அந்த அளவுக்குக் காய்ந்திருப்பது அரிது.

2. முன்கூட்டிய உடன்படிக்கையின் வரலாறு

விலை இடரைத் தாங்க மனிதர் கண்ட பழைய வழி, அறுவடைக்கு முன்னரே விலையைப் பேசிக்கொள்வது. நெல்லை உயிராகக் கொண்ட யப்பான் நாட்டிலே, ஒசாகா நகரின் டோஜிமா அரிசிச் சந்தையில் வணிகர் கையில் இல்லாத அரிசியைக் கணக்கேட்டின் மீது வாங்கி விற்றனர். 1730ஆம் ஆண்டில் அந்நாட்டு ஆட்சி அதற்கு ஒப்புதல் அளித்தது. அதுவே முறைப்படுத்தப்பெற்ற முதலாவது எதிர்காலச் சந்தை எனப் பொருளியலார் கூறுவர். 1848இல் அமெரிக்காவின் சிக்காகோ நகரில் தானியச் சந்தை ஒன்று எழுந்தது. இந்தியாவில் 2003ஆம் ஆண்டில் தேசிய அளவிலான பண்டச் சந்தைகள் கணினி வழியே இயங்கத் தொடங்கின. எமது நாட்டிலும் கொழும்புத் தேயிலை ஏலம் 1883ஆம் ஆண்டு முதல் நடைபெற்று வருகின்றது. நோய்ப் பரவலின் காரணமாக 2020ஆம் ஆண்டு ஏப்பிரலில் அவ்வேலம் மண்டபத்தை விட்டுக் கணினித் திரைக்குப் பெயர்ந்தது.

தேயிலைக்கு ஏல மண்டபம் கிடைத்தது. நெல்லுக்கோ களத்து மேடே சந்தை. ஆயினும் முன்கூட்டிய உடன்படிக்கை வன்னிக்குப் புதியதென்று எண்ணற்க. விதைப்புக் காலத்தில் உரமும் பணமும் கடனாகக் கொடுத்து, அறுவடையில் நெல்லாகத் திருப்பிப் பெறும் வழக்கம் எம் ஊர்களில் உண்டு. அதுவும் முன்கூட்டிய விற்பனையே. வேற்றுமை யாதெனின், டோஜிமாவில் விலை இரு திறத்தாரும் அறிந்த கணக்கில் நின்றது. எமது களத்திலே ஒரு திறத்தாரின் மனக்கணக்கில் நிற்கின்றது.

3. ஒரு சிறு கணக்கு

இனி, எடுத்துக்காட்டொன்றைக் கற்பித்துக்கொள்வோம். இதன் எண்கள் விளக்கத்தின் பொருட்டு நாம் வகுத்தவையேயன்றி எவர் கணக்கேட்டிலிருந்தும் எடுத்தவையல்ல. வாசிப்போர் தாளும் எழுதுகோலும் எடுத்து எம்முடன் கூடவே கணித்துப் பார்ப்பாராக.

ஒரு கமக்காரர் 4 ஏக்கர் விதைக்கின்றார். நல்ல விளைச்சலாயின் 6,000 கிலோ. வெள்ளம் வந்தால் பாதி, அதாவது 3,000 கிலோ. செலவு எவ்விதமாயினும் 540,000 ரூபா. அறுவடை முடிந்து தம் நெல்லை ஒருமுறை விற்கின்றார். ஆலைக்காரர் ஒருவர் விதைப்பின்போதே கிலோ 105 ரூபாவுக்கு வாங்க உடன்படுகின்றார். பேசிய அளவு குறைந்தால் அக்குறையைக் கமக்காரர் அன்றைய சந்தை விலைக்கு வாங்கிக் கொடுத்தல் வேண்டும் என்பது நிபந்தனை. கமக்காரர் முன்னே மூன்று வழிகள் உள்ளன. ஒன்றும் பேசாதிருத்தல், பாதியை, அதாவது 3,000 கிலோவைப் பேசுதல், 6,000 கிலோவையும் பேசுதல்.

அறுவடையில் நான்கு நிலைமைகள் நேரலாம்.

முதலாவது: விளைச்சல் நன்று, விலை 80 ரூபா. ஒன்றும் பேசாதவர்க்கு 60,000 நட்டம்; பாதி பேசியவர்க்கு 15,000 இலாபம்; முழுவதும் பேசியவர்க்கு 90,000 இலாபம்.

இரண்டாவது: விளைச்சல் நன்று, விலை 120 ரூபா. பேசாதவர்க்கு 180,000 இலாபம். பாதி பேசியவர்க்கு 135,000. முழுவதும் பேசியவர்க்கு 90,000.

மூன்றாவது: வெள்ளம் நாடெங்கும் பரவி விளைச்சல் பாதியாக, விலை 130க்கு ஏறுகின்றது. பேசாதவர்க்கு 150,000 நட்டம். பாதி பேசியவர்க்கு 225,000 நட்டம். முழுவதும் பேசியவர் இல்லாத நெல்லை 130க்கு வாங்கி 105க்குக் கொடுக்க நேர்வதால் 300,000 நட்டம்.

நான்காவது: வெள்ளம் வன்னியை மாத்திரம் தாக்குகின்றது, ஏனைய மாவட்டங்களில் அமோக விளைச்சல், விலை 80. பேசாதவர்க்கு 300,000 நட்டம். பாதி பேசியவர்க்கு 225,000 நட்டம். முழுவதும் பேசியவர்க்கு 150,000 நட்டம்.

இக்கணக்கினின்றும் பெறப்படும் பாடங்கள் மூன்று. முதலாவது, முன்கூட்டிய உடன்படிக்கை எல்லா நோய்க்கும் மருந்தன்று. நாடளாவிய வெள்ளத்தில் அதுவே நஞ்சாகின்றது. இரண்டாவது, ஒன்றும் பேசாதவர்க்கும் முழுவதும் பேசியவர்க்கும் நேரக்கூடிய மிகப் பெரிய நட்டம் ஒரே அளவினதாகிய 300,000. பாதி பேசியவர்க்கு அது 225,000க்கு மேற்படவில்லை. அடுத்த போகத்துக்கு விதைநெல் மிஞ்சுமா என்று அஞ்சும் குடும்பத்துக்கு அந்த 75,000 ரூபா பேரிலாபத்தினும் பெரிது. மூன்றாவது, வெள்ளம் வரும் ஆண்டில் விலை ஏறுமா இறங்குமா என்பதே எவ்வளவு பேசலாம் என்பதனை முடிவு செய்கின்றது. எம் வயலின் விளைச்சலும் நாட்டின் விலையும் ஒன்றோடொன்று எவ்வாறு தொடர்புற்றுள்ளன என அறியாமல் உடன்படிக்கையில் ஒப்பமிடுதல் இருளிலே ஆறு கடத்தலை ஒக்கும்.

நாம் நான்கு நிலைமைகளைக் கையால் கணித்தோம். மழை, வரவு நெல், இறக்குமதி அரிசி, எரிபொருள் விலை என்பனவற்றையெல்லாம் சேர்த்து நாலாயிரம் நிலைமைகளையோ நாற்பதாயிரம் நிலைமைகளையோ கணிப்பது எங்ஙனம்? இங்கேதான் கணினி வேண்டப்படுகின்றது. எதிர்பாரா நிகழ்வுகளைச் சீட்டுக் குலுக்குவதுபோலப் பன்முறை குலுக்கி விளைவுகளைத் தொகுக்கும் முறைக்கு ‘மொன்டி கார்லோ’ முறை என்பது பெயர். 1940களில் அணுவியல் ஆய்வின் பொருட்டு ஸ்டனிஸ்லாவ் உலாம், யோன் வொன் நியூமன் என்னும் கணித அறிஞர் வகுத்த இம்முறையே இன்று பெரிய வணிக நிறுவனங்களின் இடர் கணிப்புக்கு அடிப்படைகளுள் ஒன்றாக உள்ளது. நாம் மேலே செய்ததும் அதன் மிகச் சிறிய வடிவமே.

4. திறந்த மூலம் என்றால் என்ன?

கணினிக்கு இடும் கட்டளைகளை மனிதர் வாசிக்கத்தக்கவாறு எழுதிய வடிவம் மூல நிரல் எனப்படும். பல நிறுவனங்கள் தம் மென்பொருளின் மூல நிரலை மறைத்து, இயங்கும் வடிவத்தை மாத்திரம் விலைக்குத் தருகின்றன. 1983ஆம் ஆண்டில் அமெரிக்கரான றிச்சாட் ஸ்டோல்மன், எவரும் பயன்படுத்தவும், ஆராயவும், பகிரவும், திருத்தவும் உரிமையுள்ள மென்பொருளை ஆக்கும் முயற்சியை அறிவித்தார். 1991இல் பின்லாந்து மாணவரான லினஸ் தோவால்ட்ஸ் ‘லினக்ஸ்’ என்னும் கருவை வெளியிட்டார். ‘திறந்த மூலம்’ என்னும் பெயர் 1998இல் வழக்குக்கு வந்தது.

இடர் கணிப்புத் துறையிலும் இவ்வழி வந்த கருவிகள் பலவுள. நியூசிலாந்தின் ஓக்லண்ட் பல்கலைக்கழகத்தில் றொஸ் இகாக்கா, றொபேட் ஜென்டில்மன் என்னும் இருவர் 1990களில் ஆக்கிய ‘ஆர்’ என்னும் மொழி புள்ளிவிபரவியலாரின் கைக்கோலாகியுள்ளது. 1991இல் வெளிவந்த ‘பைதன்’ மொழி மாணவரும் கற்கத்தக்க எளிமையுடையது. 2000ஆம் ஆண்டில் தொடங்கிய ‘குவாண்ட்லிப்’ என்னும் நிரல் தொகுதி எதிர்கால ஒப்பந்தங்களையும் விருப்புரிமை ஒப்பந்தங்களையும் மதிப்பிடும் சூத்திரங்களைத் தன்னகத்தே கொண்டது. அதன்மீது கட்டப்பெற்ற இடர் கணிப்புப் பொறியொன்று 2016இல் திறந்த மூலமாக வெளியிடப்பட்டது. பெருந்தொகை கட்டணம் செலுத்தி நிறுவனங்கள் பெற்றுவந்த கணிதத்தின் ஒரு பெரும் பகுதியை இன்று கிளிநொச்சியிலுள்ள ஒரு மாணவன் கட்டணமின்றி இறக்கிக் கற்கலாம். நாம் மேலே கண்ட நான்கு நிலைமைக் கணக்குக்கோ ‘லிப்ரே ஒபிஸ்’ என்னும் திறந்த மூலத் தொகுதியின் விரிதாள் ஒன்றே போதும். அதனைத் தமிழ் இடைமுகத்துடனும் பயன்படுத்தலாம்.

5. கட்டணமின்மை சிறிது, காணத்தக்கமை பெரிது

திறந்த மூலத்தின் சிறப்பு அது பணமின்றிக் கிடைப்பதே எனப் பலர் கருதுவர். அது சிறப்பின் ஒரு பாதியும் அன்று என்பது எமது துணிபு.

தராசை எண்ணிப் பாருங்கள். தராசில் அரசு முத்திரை வேண்டும் என்று சட்டம் கூறுவது ஏன்? விற்போனும் வாங்குவோனும் ஒரே முள்ளைப் பார்க்கவேண்டும் என்பதற்காகவன்றோ? நெல்லின் நிறையை அளக்கும் கருவி இருவர் கண்ணுக்கும் முன்னே நிற்க, அந்நெல்லின் விலையையும் கழிவையும் அளக்கும் கருவி மாத்திரம் ஒருவர் சட்டைப்பையில் இருப்பது எவ்வாறு நீதியாகும்?

ஈரக் கழிவையே எடுத்துக்கொள்வோம். ஈரப்பதன் நூற்றுக்கு 18 ஆகவுள்ள 100 கிலோ நெல்லில் ஈரம் நீங்கிய பொருள் 82 கிலோ. அதனை 14 வீத ஈரப்பதனுக்குக் காயவைத்தால் 82ஐ 0.86ஆல் வகுக்கக் கிடைக்கும் 95.35 கிலோ மிஞ்சும். எனவே நிறையளவில் நியாயமான கழிவு 100 கிலோவுக்கு 4.65 கிலோவாகும். காயவைக்கும் கூலி வேண்டுமாயின் அதனை வேறாக எழுதலாம். இச்சூத்திரம் ஆலையின் சுவரிலும் கமக்காரரின் கைத்தொலைபேசியிலும் ஒன்றாகவே இருப்பின், பல்லால் கடித்துச் சொல்லும் கழிவுக்கு இடமேது? நேர்மையான வியாபாரிக்கும் அது நன்மையே. அவர்மீது வீண் ஐயம் எழாது.

மறைந்த கணக்கு பெரியோரையும் கெடுக்கும் என்பதற்கு உலகச் சான்று ஒன்று உண்டு. 2012ஆம் ஆண்டில் ஜே.பி. மோர்கன் என்னும் அமெரிக்கப் பெருவங்கி தன் இலண்டன் கிளையில் நிகழ்ந்த வணிகத்தினால் 600 கோடி டொலருக்கு மேல் இழந்தது. அவ்வங்கியே 2013இல் வெளியிட்ட அறிக்கையின்படி, இடரை அளந்த புதிய கணிப்பு விரிதாள்களில் கையால் எண்களைப் பெயர்த்து நடத்தப்பெற்றது. அதிலே ஒரு பிழையும் இருந்தது. இரு வீதங்களின் வேறுபாட்டை அவற்றின் சராசரியால் வகுப்பதற்குப் பதிலாகக் கூட்டுத்தொகையால் வகுத்துவிட்டனர். கூட்டுத்தொகை சராசரியின் இருமடங்கன்றோ? ஆகவே விலையின் ஏற்றத்தாழ்வு உள்ளதிற் பாதியளவாகக் காட்சியளித்தது. இழப்பு முழுவதற்கும் இதுவே காரணம் என்று நாம் கூறவில்லை. ஆயினும் இடர் சிறிதென்று தோன்றியபோது துணிவு பெரிதாயிற்று. எட்டாம் வகுப்பு மாணவனும் கண்டுபிடிக்கத்தக்க பிழையை எவரும் காணாமற்போனதன் காரணம், பார்க்கத்தக்க கண்கள் சிலவாயிருந்தமையே.

திறந்த கணக்கிலும் பிழை நேரும். ஆனால் அது பலர் கண்ணிற் படத்தக்க பிழை; திருத்தத்தக்க பிழை.

6. எம் நாட்டிலே கண்ட ஒரு முன்மாதிரி

இவையெல்லாம் மேனாட்டார்க்கே இயலும் என்று சோர்வடைவார்க்கு ஒன்று கூறுவோம். 2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆம் நாள் கடல் பொங்கி முல்லைத்தீவுக் கரையை அழித்ததை எம்மவர் கண்ணீருடன் நினைவு கூர்வர். அவ்வழிவின் பின்னர் சில நாட்களுக்குள், இலங்கை மென்பொருள் வல்லுநர்கள் தொண்டர்களாகக் கூடி, காணாமற் போனோர், முகாம்கள், நிவாரணப் பொருள்கள் ஆகியவற்றைப் பதியும் மென்பொருள் ஒன்றை எழுதினர். ‘சகன’ என்பது அதன் பெயர். சிங்களத்தில் ஆறுதல், நிவாரணம் எனப் பொருள்படும். அதன் மூல நிரல் திறந்து விடப்பட்டமையால், 2005இல் பாக்கித்தானில் நிலநடுக்கம் நேர்ந்தபோதும், 2006இல் பிலிப்பைன்சில் மண்சரிவு நேர்ந்தபோதும், 2010இல் எயிட்டி நாட்டின் நிலநடுக்கத்தின் போதும் அது பயன்பட்டது. எமது தீவில் துயரத்தின் நடுவே எழுதப்பெற்ற கணக்கேடு பிறநாட்டார் துயரைத் துடைத்தது.

பேரழிவு வந்தபின் பதியும் ஏட்டை ஆக்கியவர்கள் எம் நாட்டவரெனின், சிறு அழிவுகள் ஆண்டுதோறும் வரும் வயலுக்கு முன்னேற்பாட்டு ஏட்டை ஆக்க இயலாதா?

7. எல்லைகளும் எச்சரிக்கையும்

ஆயினும் மென்பொருளைத் தெய்வமாக்குதல் தகாது. நான்கு குறைகளை மனங்கொள்ளல் வேண்டும்.

முதலாவது, எண்கள் இன்றிக் கணக்கில்லை. ஹெக்டர் கொப்பேக்கடுவ கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவனம் உணவுப் பொருள்களின் சந்தை விலைகளைத் தொகுத்து வெளியிடுகின்றது. அது பெரும் பணியே. ஆயினும் மல்லாவியிலோ ஒட்டுசுட்டானிலோ களத்து மேட்டில் இன்று சொல்லப்பட்ட விலை, அன்றைய ஈரப்பதன், அவ்வூரின் மழை ஆகியவற்றை அவ்வூரவரே எழுதிவைத்தாலன்றி எமது கணிப்பு பிறர் வயலின் கணிப்பாகவே முடியும்.

இரண்டாவது, கடந்த காலம் வருங்காலத்தை முழுவதும் சொல்லாது. 2020ஆம் ஆண்டு வரையுள்ள எண்களை எத்துணை நுட்பமாகக் கணித்திருப்பினும் 2021இன் உரத்தடையை அவை காட்டியிரா. எனவே கணிப்பின் விடையை வாக்காக அன்றி, எச்சரிக்கையாகவே கொள்ளல் வேண்டும்.

மூன்றாவது, கணக்கு நம்பிக்கையின் இடத்தைப் பிடிக்காது. விலை ஏறியதும் கமக்காரர் நெல்லை வேறொருவருக்கு விற்பதும், விலை இறங்கியதும் ஆலைக்காரர் பாரவூர்தியை அனுப்பாதிருப்பதும் உண்டாயின் எந்த உடன்படிக்கையும் கடதாசியே. விளைச்சல் இடரை உடன்படிக்கை தாங்காது. அதற்குக் காப்புறுதி வேண்டும். அறுவடை நெருக்கடியை இவையிரண்டும் தாங்கா. அதற்குக் களஞ்சியமும் உலர்த்தும் வசதியும் வேண்டும். மென்பொருள் இவற்றுள் எதனை எவ்வளவு தேடவேண்டும் என்று காட்டும் கைவிளக்கேயன்றி இவற்றின் பதிலி அன்று.

நான்காவது, கட்டணமில்லாத மென்பொருளுக்கும் செலவுண்டு. அதனைப் பேணவும், கற்பிக்கவும், பிழை திருத்தவும் ஆள் வேண்டும். ஆர்வத்தில் நிறுவிப் பின்னர் எவரும் தொடாது விட்ட கணினிகள் பலவற்றை நாம் அலுவலக மூலைகளில் தூசி படிந்து கிடக்கக் கண்டிருக்கின்றோம்.

இவற்றோடு மற்றொன்றையும் தெளிவுறுத்தல் நன்று. சூத்திரம் திறந்திருத்தல் வேண்டும். தனியொருவரின் கடன் கணக்குத் திறந்திருத்தல் ஆகாது. தராசு பொதுவானது, பணப்பை பொதுவானதன்று.

8. செய்யத்தக்கன

வன்னிக்கு இப்பணியில் வாய்ப்பில்லாமலில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியல் பீடமும் கிளிநொச்சி அறிவியல் நகரில் அமைந்துள்ளன. வவுனியா வளாகம் 2021ஆம் ஆண்டு ஆவணி முதலாம் நாள் தொடக்கம் தனிப் பல்கலைக்கழகமாகியுள்ளது. ஊர்தோறும் கமக்காரர் அமைப்புகளும் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களும் உள்ளன. நெல்லை அறிந்தோர் ஒரு பக்கமும், நிரலை அறிந்தோர் மறுபக்கமும் இருக்க, இடையிலே பாலம் ஒன்றே குறை.

அப்பாலத்தின் முதற்கல்லைக் கல்லூரியே இடலாம் என்பது எம் கருத்து. உயர்வகுப்பு மாணவர் கிழமைக்கு ஒருமுறை தத்தம் ஊரின் நெல் விலையையும், ஈரப்பதனையும், மழையளவையும் ஓர் ஏட்டில் பதிவாராக. தகவல் தொழினுட்பம் கற்போர் அதனை விரிதாளில் ஏற்றுவாராக. கணிதம் கற்போர் ஈரக் கழிவுச் சூத்திரத்தையும், நாம் மேலே கண்ட பாதிப் பேச்சுக் கணக்கையும் தம் பெற்றோருக்குத் தமிழில் விளங்கவைப்பாராக. மூன்று காலபோகங்கள் இங்ஙனம் கழியுமாயின், ஒரு கூட்டுறவுச் சங்கம் ஆலைக்காரரோடு உடன்படிக்கை பேச அமரும்போது வெறுங்கையோடு அமராது. தன் ஊரின் எண்களோடு அமரும். பேச்சு முடிந்ததும் எவ்வளவு பேசினோம், ஏன் பேசினோம் என்பதை உறுப்பினர் ஒவ்வொருவரும் கணித்துச் சரிபார்க்கலாம்.

பழைய மாணவர்களாகிய எமக்கும் கடமையுண்டு. எம்முள் கொழும்பிலும் கடல் கடந்த நாடுகளிலும் வங்கிகளிலும் கணினி நிறுவனங்களிலும் பணிபுரிவோர் பலர். பிறருடைய இடரை நாள்தோறும் கணித்து ஊதியம் பெறுகின்றோம். எம்மை வளர்த்த வயலின் இடரை ஒரு மாலையேனும் கணித்தோமா? கட்டடத்துக்கும் விளையாட்டுத் திடலுக்கும் பொருளுதவி செய்வது போற்றத்தக்கதே. ஈரமானி ஒன்றையும், மழைமானி ஒன்றையும், மாணவர்க்கு வழிகாட்டும் விடுமுறை வகுப்பு ஒன்றையும் அப்பட்டியலில் சேர்த்துக்கொள்வது கடினமன்று.

முடிவுரை

2009ஆம் ஆண்டுப் பேரிடரில் இம்மண்ணின் மக்கள் விளைந்த வயலையும் களஞ்சியத்தையும் விட்டு நீங்கினர். மீண்டு வந்து, பற்றை வெட்டி, வரம்பு கட்டி, கடன்பட்டு விதைத்தனர். அத்துணை இழந்தும் விதைக்கத் துணிந்தோர்க்கு நாம் துணிவைப் போதிக்க வேண்டியதில்லை. அவர்களுக்கு வேண்டியது, தம் உழைப்பின் விலை எங்ஙனம் கணிக்கப்படுகின்றது என்பதைத் தம் கண்ணாற் காணும் உரிமை. அக்கணக்கு எழுதிய கருவி இன்று உலகத்தார் யாவர்க்கும் பொதுவாகத் திறந்து கிடக்கின்றது. அதனை எடுத்து, எம் ஊர் எண்களை இட்டு, எம் மொழியில் எம் மக்கள் கையில் கொடுப்பது கற்றோர் கடன்.

வருகின்ற மாசியில் ஒரு வியாபாரி உள்ளங்கை நெல்லைப் பார்த்து விலை சொல்லும்போது, படங்கின் ஓரத்தில் நிற்கும் எம் கல்லூரிச் சிறுவன் ஒருவன், “ஐயா, இந்தக் கழிவு எக்கணக்கில் வந்தது?” என்று பணிவோடு கேட்டு, தன் கணக்கைத் தாளிலே காட்டுவானாயின், இவ்விழாவில் நாம் கொண்டாடும் கல்வி பயனுற்றது எனக் கொள்வோம்.